ஒற்றைக் காலில் பத்து விநாடி: காலை நடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்



தி.நகர் பனகல் பூங்காவிலும் மயிலாப்பூர் நாகேசுவரராவ் பூங்காவிலும் கோவை ரேஸ்கோர்ஸ் சாலையிலும் இருட்டு பிரிவதற்குள் கூடிவிடுகிற சர்க்கரைக்காரர்கள் கூட்டத்துக்கென்று ஒரு பேச்சு இருக்கிறது. "ஃபாஸ்டிங் எவ்வளவு சார்?" என்பதுதான் அங்கே காலை வணக்கம். 110 என்றால் பாராட்டு. 180 என்றால் ஆறுதல், கூடவே வெந்தயம் ஊறவைப்பது பற்றி ஓர் ஆலோசனை. மூன்று மாதச் சராசரியைப் புள்ளி பிசகாமல் ஒப்பிப்பவர்கள் உண்டு. மணிக்கட்டுக் கடிகாரம் பத்தாயிரம் அடி காட்டாமல் வீட்டுக்குத் திரும்புவதில்லை என்று சபதம் எடுத்தவர்கள் உண்டு. வாசலில் அருகம்புல் சாறு விற்பவருக்குக்கூட வாடிக்கையாளர்களின் சர்க்கரை அளவு அத்துப்படி.

இத்தனை எண்களுக்கு நடுவில் ஓர் எண்ணை மட்டும் யாரும் கேட்டுக்கொள்வதில்லை: ஒற்றைக் காலில் எத்தனை விநாடி நிற்க முடிகிறது?

பிரேசில் நாட்டில் ஒரு குழு இதைக் கேட்டது. 51 வயது முதல் 75 வயது வரையிலான 1,702 பேரைச் செருப்பில்லாமல் நிற்கவைத்தார்கள். ஒரு காலைத் தூக்கி, அதன் மேற்பாதத்தை மற்றக் காலின் பின்புறம் ஒட்டிவைக்க வேண்டும். கைகள் பக்கவாட்டில், பார்வை நேராக. பத்து விநாடி தாக்குப்பிடித்தால் தேறியாகிவிட்டது. மூன்று வாய்ப்புகள் உண்டு. ஐந்தில் ஒருவரால் முடியவில்லை. பிறகு சராசரியாக ஏழாண்டுகள் அவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். நிற்க முடிந்தவர்களில் 4.6 சதவீதம் பேர் அந்தக் காலத்தில் இறந்திருந்தார்கள், முடியாதவர்களில் 17.5 சதவீதம் பேர். வயது, உடல் எடை, ஏற்கெனவே உள்ள நோய்கள் எல்லாவற்றையும் கணக்கில் கழித்துப் பார்த்தபோதும் நிற்க முடியாதவர்களின் இறப்பு அபாயம் 84 சதவீதம் கூடுதலாகவே இருந்தது. 2022ல் வெளியான இந்த முடிவைப் பல பத்திரிகைகள் ஆயுள் ஜோசியம் போலவே எழுதிவிட்டன. அது ஜோசியம் இல்லை. ஒற்றைக் காலில் நிற்காததால் யாரும் சாகவில்லை. உடம்புக்குள் நடந்துகொண்டிருக்கும் வேறு பல சரிவுகளை அந்தப் பத்து விநாடி வெளியே காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

அதே ஆய்வில் பத்திரிகைகள் அதிகம் பேசாத ஒரு கணக்கும் இருந்தது. நிற்க முடிந்தவர்களில் இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 13 சதவீதம். முடியாதவர்களில் சுமார் 38 சதவீதம். கிட்டத்தட்ட மூன்று மடங்கு. பூங்காப் பெஞ்சில் உட்கார்ந்து படிக்க வேண்டிய கணக்கு இதுதான்.

சர்க்கரைக்கும் நிற்பதற்கும் என்ன சம்பந்தம்?

மனிதன் நிமிர்ந்து நிற்பது ஒரு முக்காலியின் மேல். ஒரு கால் கண். இன்னொன்று உள்காதில் உள்ள சமநிலை உறுப்பு. மூன்றாவது, பாதத்திலிருந்தும் மூட்டுகளிலிருந்தும் தசைகளிலிருந்தும் மூளைக்குப் போய்க்கொண்டே இருக்கும் சேதி: தரை மேடா பள்ளமா, எடை குதிகாலில் இருக்கிறதா விரலில் இருக்கிறதா என்ற சேதி. ஒன்று பழுதானால் மற்ற இரண்டும் சமாளித்துக்கொள்ளும். பழுதானது தெரியாமலேகூட வருஷங்கள் ஓடிவிடும். பெர்லினில் நரம்பு நோய்களைப் பற்றி முதல் பெரிய பாடநூலை எழுதிய மோரிட்ஸ் ரோம்பெர்க், 1840களிலேயே இதைக் கவனித்திருந்தார். பாத உணர்வு போன நோயாளிகள் வெளிச்சத்தில் ஒழுங்காக நின்றார்கள். கண்ணை மூடச் சொன்னால் தள்ளாடினார்கள். காலுக்குப் பதிலாகக் கண் வேலை செய்துகொண்டிருந்தது, கண்ணை மூடியதும் குட்டு வெளிப்பட்டுவிட்டது. இன்றைக்கும் நரம்பு மருத்துவர்கள் காலைச் சேர்த்துவைத்துக் கண்ணை மூடச் சொல்லும் பரிசோதனை அவர் பெயரால்தான் வழங்குகிறது.

முகம் கழுவக் குனிந்து கண்ணை மூடும்போது குளியலறையில் ஒரு நொடி ஆடிப்போகிறவர்கள், நள்ளிரவில் விளக்குப் போடாமல் கழிப்பறைக்குப் போகும்போது சுவரைத் தடவுகிறவர்கள், ரோம்பெர்க்கின் பரிசோதனையைத் தங்களுக்குத் தாங்களே செய்துகொள்கிறார்கள். பெயர்தான் தெரியாது.

சர்க்கரை நோய் அந்த முக்காலியின் மூன்று கால்களையும் அரிக்கக் கூடியது. விழித்திரையை அது தொடுவது எல்லோருக்கும் தெரியும். வருடம் ஒருமுறை கண் பரிசோதனைக்குப் போகிறவர்களும் ஓரளவு இருக்கிறார்கள். உள்காதையும் அது தொடுகிறது என்பது பரவலாகத் தெரியாது. அமெரிக்காவில் 2001 முதல் 2004 வரை நடந்த தேசிய உடல்நலக் கணக்கெடுப்பில், நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களைப் பஞ்சு மெத்தை மேல் கண்ணை மூடி நிற்கவைத்துப் பார்த்தார்கள். சர்க்கரை உள்ளவர்கள் தோற்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 70 சதவீதம் கூடுதல். ஆனால் மிக அதிகமாக, மிகச் சத்தமில்லாமல் அரிக்கப்படுவது பாதம்தான்.

பாதத்தின் கதையைச் சொல்ல வேண்டுமானால் கொல்லிமலைக்குப் போக வேண்டும்.

1914ல் அங்கே மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர் பால் பிராண்ட். லண்டனில் அறுவை மருத்துவம் படித்துவிட்டு 1946ல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயினாலேயே அழுகி விழுகின்றன என்றுதான் அன்று மருத்துவ உலகமே நம்பியிருந்தது. பிராண்ட் நம்பவில்லை. நோயாளிகளோடு பொழுதெல்லாம் இருந்து கவனித்தபோது வேறு காரணம் தெரிந்தது: வலி இல்லை. சூடான பாத்திரத்தைக் கையால் எடுக்கிறார்கள், சுடுவது தெரியவில்லை. ஆணி ஏறிய காலோடு நாள் முழுக்க நடக்கிறார்கள், குத்துவது தெரியவில்லை. ராத்திரியில் எலி வந்து விரலைக் கடித்துவிட்டுப் போனது தெரியாமல் தூங்கினவர்கள் இருந்தார்கள்; அதற்காக நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்த கதையையும் பிராண்ட் பதிவு செய்திருக்கிறார். சதையில் கோளாறு இல்லை. காவலுக்கு இருந்த வலிதான் போய்விட்டிருந்தது. காயத்தைக் காத்தால் விரலையும் காக்கலாம் என்று வேலூரில் நிரூபித்துக் காட்டினார். மரத்துப்போன பாதத்துக்கு ஏற்ற மென்ரப்பர் செருப்பு வேண்டும் என்று அவரும் கூட்டாளிகளும் பாடுபட்டதன் வாரிசுதான், இன்று சர்க்கரை நோய் மருத்துவமனைகளில் எழுதிக்கொடுக்கும் எம்.சி.ஆர். செருப்பு.

1966ல் அவர் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கேதான் சர்க்கரை நோயாளிகளின் பாதங்களைக் கூர்ந்து பார்த்தார். நோய் வேறு, கதை ஒன்றேதான். அதே மரத்துப்போன பாதம், அதே தெரியாத கொப்புளம், அதே ஆறாத புண். தொழுநோயாளிக்காக வேலூரில் கற்றதை அமெரிக்கச் சர்க்கரை நோயாளிகளுக்கு அவர் சொல்லிக்கொடுத்தார். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையைப் பாதத்தில் தொட்டு, தெரிகிறதா தெரியவில்லையா என்று கேட்கும் எளிய சோதனையும் கார்வில்லில் நடந்த ஆய்வுகள் வழியாகத்தான் உலகெங்கும் பரவியது. அன்றைய சேலம் ஜில்லா மலையில் பிறந்த ஒருவரின் பிடிவாதத்துக்கு உலகத்தின் சர்க்கரைக்காரர்கள் எல்லோரும் கடன்பட்டிருக்கிறார்கள்.

பாதம் மரத்துப்போனால் புண் வரும் என்பது இன்று ஓரளவு எல்லோருக்கும் தெரியும். மரத்த பாதம் விழவும் வைக்கும் என்பது அவ்வளவாகத் தெரியாது. பூங்காக்களில் காதில் விழும் சில வாக்கியங்கள் உண்டு. "பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கு." "செருப்பு கழன்று விழுந்ததே தெரியல, நாலு அடி போய்த்தான் பார்த்தேன்." "படி இறங்கும்போது மட்டும் கொஞ்சம் பயமா இருக்கு." சொல்கிறவர் சிரித்துக்கொண்டே சொல்வார், கேட்கிறவர் வயசாச்சு என்பார். வயசு ஆனது உண்மைதான். ஆனால் அந்த மூன்று வாக்கியங்களும் பாத நரம்பு சேதியை ஒழுங்காக அனுப்பவில்லை என்பதற்கான புகார்கள். இப்படி ஆனவர்கள் தங்களை அறியாமலே நடையை மாற்றிக்கொள்கிறார்கள்: எட்டு சிறிதாகிறது, கால்கள் சற்று அகன்று விழுகின்றன, கண் எப்போதும் தரையிலேயே இருக்கிறது.

விழுந்தால் என்ன, எழுந்துகொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு எலும்பு பற்றி ஒரு தகவல். இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களின் எலும்பு அடர்த்தியை ஸ்கேன் எடுத்தால் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், சிலருக்குச் சராசரியைவிடக் கூடுதலாகக்கூட. ஆனாலும் இடுப்பெலும்பு முறிவது அவர்களுக்குத்தான் அதிகம். எலும்பின் உள்தரம் கெட்டிருப்பதும் அடிக்கடி விழுவதும் சேர்ந்து செய்யும் வேலை அது. இடுப்பு முறிந்து படுத்தால் முதலில் போவது நடை. நடை போனால் சர்க்கரை ஏறும்.

இவ்வளவும் உங்களைப் பயமுறுத்தி வீட்டில் உட்காரவைக்க எழுதப்படவில்லை. நேர்மாறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023ல் சொன்ன கணக்குப்படி நாட்டில் சர்க்கரை உள்ளவர்கள் சுமார் 10.1 கோடிப் பேர். அதே ஆய்வின் முதல் கட்டத்தில், தமிழ்நாடு உட்பட நான்கு பகுதிகளில் உடலுழைப்பைக் கணக்கெடுத்தபோது, பொழுதுபோக்காக உடற்பயிற்சி செய்பவர்கள் பத்து சதவீதத்துக்கும் குறைவு என்று தெரிந்தது. போர்வையை உதறிவிட்டு எழுந்து வருகிற நீங்கள் அந்தச் சிறுபான்மை. சென்னை திருமங்கலத்தில் ஒரு குடியிருப்பில் ஆய்வுக்குப் போன நீரிழிவு மருத்துவர்கள் உடற்பயிற்சியின் அவசியத்தை விளக்கிவிட்டு வந்தார்கள். குடியிருப்புவாசிகள் தங்கள் கைக்காசில் பூங்காவே அமைத்துக்கொண்டார்கள். சில ஆண்டுகள் கழித்துப் போய்ப் பார்த்தபோது உடற்பயிற்சி செய்கிறவர்கள் பல மடங்கு ஆகியிருந்தார்கள். நடக்க இடம் இருந்தால் மக்கள் நடக்கிறார்கள்.

சர்க்கரை இருப்பவரால் எந்த உயரத்துக்குப் போக முடியும் என்பதற்குச் சேப்பாக்கமே சாட்சி. 1999 ஜனவரியில் அங்கே நடந்த கிரிக்கெட் டெஸ்டில் பாகிஸ்தான் 12 ரன் வித்தியாசத்தில் இந்தியாவைத் தோற்கடித்தபோது, தோற்ற வருத்தத்தை விழுங்கிக்கொண்டு மொத்த மைதானமும் எழுந்து நின்று கைதட்டியதே, வென்ற அணியின் தலைவர் வாசிம் அக்ரம் அதற்கு ஒன்றரை வருஷம் முன்புதான் முதல் வகை நீரிழிவு என்று தெரியவந்து இன்சுலின் ஊசிக்கு மாறியிருந்தார். முப்பது வயது வேகப்பந்து வீச்சாளருக்கு அந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும்! அதன் பிறகும் விளையாடி 2003 உலகக் கோப்பையில் ஒருநாள் போட்டிகளில் 500 விக்கெட் எடுத்த முதல் ஆளானார். பிரிட்டனின் படகோட்டி ஸ்டீவ் ரெட்கிரேவ் 1997ல் நீரிழிவு கண்டறியப்பட்டு, 2000 சிட்னி ஒலிம்பிக்கில் தன் ஐந்தாவது தங்கத்தை வாங்கினார்.

ஆனால் நடைக்கு ஓர் எல்லை இருக்கிறது. சமதளத்தில், ஒரே வேகத்தில், நேராகப் பார்த்து, பக்கத்தில் இருப்பவரோடு அரசியல் பேசிக்கொண்டு நடப்பது இதயத்துக்கு நல்லது, சர்க்கரைக்கு நல்லது, மனசுக்கு ரொம்ப நல்லது. தொடைக்கு அது பெரிய வேலை இல்லை. சமநிலைக்கு அநேகமாக வேலையே இல்லை. இன்சுலின் துணையோடு ரத்தத்திலிருந்து இறங்கும் சர்க்கரையில் மிகப் பெரும் பங்கு தசைக்குள்தான் போகிறது. அந்தத் தசையோ சர்க்கரைக்காரர்களுக்கு வேகமாகக் கரைகிறது. எழுபதுகளில் இருந்த அமெரிக்கர்களை மூன்றாண்டு கவனித்த ஓர் ஆய்வில், சர்க்கரை இல்லாதவர்களின் முழங்காலை நீட்டும் வலிமை சுமார் 9 சதவீதம் குறைந்தது; சர்க்கரை உள்ளவர்களுக்குச் சுமார் 13.5 சதவீதம். படியில் கால் இடறும்போது ஒருவரைக் காப்பாற்றுவது அந்தத் தொடைதான். அதனால்தான் அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் பரிந்துரை வாரம் 150 நிமிட நடையோடு நிற்பதில்லை. வாரம் இரண்டு மூன்று நாள் தசைப் பயிற்சி வேண்டும் என்கிறது. வயதானவர்களுக்கு வாரம் இரண்டு மூன்று முறை சமநிலைப் பயிற்சியும் உடல் வளைவுக்கான பயிற்சியும் வேண்டும் என்கிறது. நம் பூங்காக்களில் முதல் வரியை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

பழைய வீடுகளில் இந்தப் பயிற்சி கூலியில்லாமல் நடந்துகொண்டிருந்தது. தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு எழுவது, குந்தி உட்கார்ந்து கோலம் போடுவது, பாயைச் சுருட்டிப் பரண்மேல் வைப்பது. சாப்பாட்டு மேசையும் கட்டிலும் வந்த பிறகு நாற்காலி உயரத்துக்குக் கீழே நம் உடம்பு போவதே இல்லை. பழைய காலத்தைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. மூட்டு வலிக்காரருக்குக் கட்டில் வரம். போன வேலைக்கு மாற்றாக வேறு ஒன்றும் வரவில்லை என்பதுதான் குறை.

சில பேர் மாற்று கண்டுபிடித்திருக்கிறார்கள், அதுதான் எட்டு நடை. எட்டு வடிவில் நடந்தால் சர்க்கரை பறந்துவிடும் என்று சொல்வதை நம்ப ஆதாரம் போதாது. மாத்திரையை நிறுத்திவிட்டு எட்டு போடுகிறவர்கள் ஆபத்தில் இருக்கிறார்கள். ஆனால் வளைந்து திரும்பி நடக்கும்போது எடை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறிக்கொண்டே இருக்கிறது, பார்வை திரும்புகிறது, கணுக்கால் வேலை செய்கிறது. நேர்கோட்டு நடையில் இல்லாத சமநிலைப் பயிற்சி அதில் கொஞ்சம் உண்டு. அந்த அளவில் எட்டு நடை வாழ்க.

கூழாங்கல் பாதையை மட்டும் அப்படிச் சொல்ல முடியாது. பாதத்தில் அழுத்தம் கொடுத்தால் உறுப்புகள் எல்லாம் சீராகும் என்று பலகை எழுதி, கூர்மையும் மொழுமொழுப்புமாய்க் கற்களைப் பதித்துவைத்திருக்கும் பாதைகளில் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கிறவர்களில் பலர் சர்க்கரைக்காரர்கள். "முதல்ல வலிச்சது, இப்ப பழகிடுச்சு" என்று ஒருவர் சொன்னால் பழகியது கல்லா, போனது உணர்வா என்று பார்க்க வேண்டும். வேலூரில் பிராண்ட் கண்டது இதைத்தான். வெயில் காலத்தில் கோயில் பிராகாரக் கல்லும், பௌர்ணமிக்குத் திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் வெறுங்கால் கிரிவலமும் இதே கணக்கில் சேர்ந்தவை. வேண்டுதலை விடச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. உணர்வு போன பாதம் இருப்பவர் பருத்திக் காலுறையாவது போட்டுக்கொள்ளலாம், சுற்றி முடித்ததும் வீட்டாரைவிட்டு உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லலாம்.

அப்படியானால் பாதம் மரத்தவர்கள் நடக்கவே கூடாதா? ஒரு காலத்தில் மருத்துவர்கள் அப்படித்தான் சொன்னார்கள்: நின்று செய்கிற பயிற்சி வேண்டாம், சைக்கிள் மிதியுங்கள், நீந்துங்கள் என்று. அமெரிக்காவில் 2008ல் முடிவு வெளியான ஓர் ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது. பாத உணர்வு குறைந்த 79 பேரில் ஒரு பகுதியினருக்குக் கால் தசைப் பயிற்சி, சமநிலைப் பயிற்சி, அதன் பின் படிப்படியாக நடை என்று கொடுத்தார்கள். ஓராண்டில் அவர்களுக்குப் பாதப் புண் கூடவில்லை. அதற்குப் பிறகு மருத்துவர்களின் பேச்சு மாறியது. திறந்த புண் இல்லாதவரை, சரியான செருப்போடு, தினமும் பாதத்தைப் பார்த்துக்கொண்டு நடக்கலாம்.

தள்ளாட்டம் எல்லாம் பாதத்தில் தொடங்குவதும் இல்லை. இன்சுலின் போடுகிறவர்களும் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களும் வெறும் வயிற்றில் வேகமாக நடந்தால் சர்க்கரை தாழ்ந்து தலை சுற்றலாம். புறப்படும் முன் 90க்குக் கீழே இருந்தால் 15 முதல் 30 கிராம் வரை மாவுச்சத்து எடுத்துக்கொண்டு கிளம்புவது நல்லது. நடுவழியில் 70க்குக் கீழே போய்விட்டால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடர் சாப்பிட்டு, பதினைந்து நிமிஷம் உட்கார்ந்து, மறுபடி பார்க்க வேண்டும். சட்டைப் பையில் குளுக்கோஸ் வைத்திருப்பவர் அதைப் பக்கத்தில் நடப்பவருக்கும் சொல்லிவைப்பது உத்தமம். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தத் தாழ்சர்க்கரை அபூர்வம். ஆனால் வருஷக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிட்டால் பி12 குறையலாம். அந்தக் குறையும் நரம்பைக் கெடுத்துத் தள்ளாடவைக்கும். சைவச் சாப்பாட்டுக்காரர்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், மருந்தும் உண்டு. சர்க்கரையால் வந்ததென்று கைவிட்ட கால் எரிச்சல் சிலருக்குப் பி12ல் சரியாகிறது.

படுக்கையிலிருந்து சட்டென எழுந்ததும் கண் இருட்டிக்கொண்டு வந்தால் அது வேறு கணக்கு. ரத்த அழுத்தத்தைக் காக்கும் நரம்புகளும் பழுதாகியிருக்கலாம். படுத்தபடி ஒரு முறை, எழுந்து நின்று மூன்று நிமிஷத்துக்குள் ஒரு முறை அழுத்தம் பார்த்து, மேல் எண் 20 புள்ளிகளோ அதற்கு மேலோ விழுகிறதா என்று டாக்டர் சொல்லிவிடுவார். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே கண்ணாடி போட்டிருப்பவர்கள் படி இறங்கும்போது கீழ்க்கண்ணாடி வழியாகப் படியைப் பார்த்துத் தவறி வைப்பதும் உண்டு.

சரி, என்னதான் செய்வது? நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் 1990களில் உருவான ஒரு திட்டம் இருக்கிறது. எண்பது வயதைத் தாண்டியவர்கள்கூட வீட்டிலேயே செய்யக்கூடிய கால் தசைப் பயிற்சிகளும் நிற்கும் பயிற்சிகளும்தான் அது: நாற்காலியில் கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, குதிகாலைத் தூக்கி விரலில் நிற்பது, ஒரு பாதத்தின் முன்னால் மறு பாதத்தை ஒட்டிவைத்து நிற்பது, பக்கவாட்டில் நடப்பது, பின்னோக்கி நடப்பது. ஒரு மந்திரமும் இல்லை. ஆனால் பல ஊர்களில் நடந்த சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது விழுவது 35 சதவீதம் குறைந்திருந்தது. சர்க்கரை உள்ள முதியவர்களுக்கே ஆறு வாரம் இப்படிப் பயிற்சி கொடுத்த ஒரு சிறு ஆய்வு 2010ல் வெளிவந்தது. தள்ளாட்டம் குறைந்தது, இடறினால் சுதாரிக்கும் வேகம் கூடியது. நரம்பு மீண்டும் முளைத்ததால் அல்ல. மிச்சமிருக்கும் சேதியை வைத்தே சமாளிக்க மூளையும் தசையும் கற்றுக்கொண்டன.

அதே ஒடாகோ பல்கலைக்கழகத்துக்காரர்கள் காலை நடைக்காரர்களுக்குக் கொஞ்சம் கசப்பான ஒரு சோதனையும் செய்திருக்கிறார்கள். 41 நீரிழிவுக்காரர்களில் சிலரை நாளுக்கு ஒருமுறை 30 நிமிஷம் நடக்கச் சொன்னார்கள், பிறகு அவர்களையே மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பின்னும் பத்துப் பத்து நிமிஷம் நடக்கச் சொன்னார்கள். மற்றவர்களுக்கு வரிசையை மாற்றினார்கள். சாப்பிட்டபின் நடந்தபோது உணவுக்குப் பிந்தைய சர்க்கரை 12 சதவீதம் குறைவு; இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் பார்த்தால் 22 சதவீதம். காலை நடையை விட வேண்டாம். இரவு இட்லி தோசைக்குப் பிறகு மொட்டை மாடியில் பத்து நிமிஷம் சேர்த்துக்கொண்டால் போதும். விளக்குப் போட்டுக்கொண்டு.

பயிற்சிகளைத் தொடங்குபவர்கள் சுவர் ஓரமாகவோ சமையல் மேடையைத் தொட்டுக்கொண்டோ தொடங்கட்டும். முதலில் இரண்டு பாதமும் சேர்த்து, பிறகு ஒன்று சற்று முன்னால், பிறகு ஒன்றன் பின் ஒன்று, கடைசியில்தான் ஒற்றைக் கால். பல் தேய்க்கும் நேரத்தில் செய்யலாமே என்று ஆலோசனை சொல்பவர்கள் உண்டு. ஈரத் தரையுள்ள நம் குளியலறைகளுக்கு அது ஆகாது. விருட்சாசனம் தெரிந்தவர்கள் அதையே செய்யலாம், விரல் நுனி சுவரில் இருக்கட்டும். விழித்திரையில் புதிய ரத்தக் குழாய்கள் முளைத்திருப்பதாகக் கண் மருத்துவர் சொல்லியிருந்தால் தலைகீழ் ஆசனமும் மூச்சை அடக்கி முக்கித் தூக்கும் எடையும் கூடாது. உள்கண்ணில் ரத்தம் கசியலாம்.

குழுவாக நடப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. பெஞ்சில் உட்கார்ந்து சர்க்கரை அளவைப் பேசுவதற்கு முன் ஒருவர் நிற்க, மற்றவர் கைக்கெட்டும் தூரத்தில் காவலிருக்கலாம். போட்டி வேண்டாம். யாருக்கு எத்தனை விநாடி என்று வாட்ஸ்அப் குழுவில் போடத் தொடங்கினால் அடுத்த வாரம் ஒருவர் விழுந்தே தீருவார். ஏற்கெனவே ஒருமுறை விழுந்தவர்களும் சுவரைப் பிடிக்காமல் பாதங்களைச் சேர்த்துவைத்தே நிற்க முடியாதவர்களும் தனியாகச் செய்து பார்க்க வேண்டாம். ஒரு பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இருக்க வேண்டும். வீட்டைவிட்டு வர முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரையோடு இயன்முறை சிகிச்சையும் வீடு தேடி வருகிறது. மாத்திரை வாங்கிக்கொள்கிற பலர் இதைக் கேட்பதே இல்லை.

இனி அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது செய்ய வேண்டியது ஒன்று. ரிப்போர்ட்டை நீட்டி, மருந்துச் சீட்டை வாங்கி, நாலு நிமிஷத்தில் எழுந்து வந்துவிடுகிறோம். அந்த நைலான் இழை வளையப் பத்து கிராம் அழுத்தம்தான் வேண்டும். அதிர்வை உணர்கிறீர்களா என்று பார்க்கும் இசைக்கவை ஒரு சட்டைப் பைக்குள் அடங்கும். இரண்டையும் வைத்துப் பாதத்தைப் பார்த்து முடிக்கச் சில நிமிஷங்கள் போதும், வருஷத்துக்கு ஒருமுறை போதும். செருப்பைக் கழற்றச் சொல்லாத டாக்டரிடம் நீங்களே கழற்றிக் காட்டலாம்.